பந்து அந்தப் பக்கம் போன பிறகு

அன்புள்ள தாரிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நடந்த உன் சாக்கர் ஆட்டத்தைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தோம். பஸ் ஏற வேண்டும் என்று பாதியில் வைத்துவிட்டாய். மறுநாள் கேட்டதற்கு, “ரெஃப்ரியே விசில் ஊதலைம்மா, விடேன்” என்றாய். என்னால் விட முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இங்கிலீஷில் மெசேஜ் போட்டால் வகுப்புக்குப் போகிற அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு ஹார்ட்டைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். தமிழ் என்றால் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டித்தான் படித்தாக வேண்டும். இதை நீ அப்படிப் படிக்க வேண்டும்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பாதி, அவர்களுக்குக் கார்னர் கிக். பந்து வந்தது, உங்கள் கோல்கீப்பர் துள்ளி இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். உடனே வலது பக்கம் எறிந்தும் விட்டாள். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள், ரெஃப்ரியும் ஓடுகிறார். அவர்களுடைய ஒன்பதாம் நம்பர் பெண் உன்னைத் தாண்டி ஓடும்போது, நீ கையை எட்டிப் போட்டு அவளுடைய போனிடெயிலைப் பிடித்தாய். பிடித்து இழுத்தாய். கழுத்து பின்னால் வளைந்து மல்லாக்க விழுந்தாள். கை ஊன்றக்கூட அவளுக்கு நேரமில்லை. நீ திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாய். அவள் எழுந்து பின்னந்தலையைத் தடவிக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் அவள் உன்னைப் படுத்திய பாட்டையும் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஒவ்வொரு கார்னருக்கும் உன் ஜெர்சியை முதுகுப் பக்கம் முறுக்கிப் பிடித்தாள். பந்து காற்றில் வரும்போது உன் பாதத்தின் மேல் ஷூவின் அடிக் குமிழான ஸ்டட்டை வைத்து நின்றாள், நீ எம்ப முடியாதபடி. ஒருமுறை முழங்கையை உன் விலாவில் குத்தியது எங்கள் வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அது கன்றிப்போனதை நீயே வீடியோ காலில் காட்டினாய். உனக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. எனக்கே வந்தது.

இதற்குள் குடும்ப வாட்ஸாப் குரூப்புக்கும் விஷயம் போய்விட்டது. ஆட்டத்தின் லைவ் வீடியோவை ஊரிலிருந்து பார்த்த உன் மாமா, “பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு முரட்டுத்தனம் எதுக்கு” என்று எழுதினார். பெரியம்மா, “அடக்கமா ஒரு டென்னிஸ் கிளாஸ்ல சேர்த்திருக்கலாம்” என்றார். நான் சொல்ல வருவது அதில்லை, தாரிணி. இது மட்டும் உனக்குத் தெளிவாகப் புரிய வேண்டும். நீ பெண் என்பதால் அடங்கி ஆட வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

2009 நவம்பரில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். நீ அப்போது சின்னக் குழந்தை. யூட்டா மாநிலம் புரோவோவில் மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் தொடரில் அரையிறுதி. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்கும் பிரிகம் யங் பல்கலைக்கழக அணிக்கும் ஆட்டம். பிரிகம் யங் 1-0 என்று ஜெயித்தது. ஆனால் ஸ்கோரை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. நியூ மெக்சிகோ டிஃபெண்டர் ஒருத்தி எதிரணிப் பெண்ணின் போனிடெயிலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளியது டிவி கேமராவில் பதிவாகிவிட்டது. அதே ஆட்டத்தில் அவள் இன்னொருத்தியின் முதுகில் குத்தியதும் பதிவாகியிருந்தது. அதற்குச் சற்று முன் இவளுக்கும் ஒரு முழங்கை இடி விழுந்திருந்தது. எல்லாவற்றையும் ஒட்டவைத்து ஒரு துண்டு வீடியோவாக்கினார்கள். அது யூட்யூபில் பரவி, ராத்திரி நேர டிவி நிகழ்ச்சிகள் வரைக்கும் போனது.

ஆட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் அட்டை, வெறும் எச்சரிக்கை. முடியை இழுத்ததற்கு ரெஃப்ரி ஒன்றும் கொடுக்கவில்லை. மறுநாளே பல்கலைக்கழகம் அவளைக் காலவரையறை இல்லாமல் நீக்கி வைத்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அப்புறம் நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில், தான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டாள். இதையே ஒரு ஆண் செய்திருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது என்றும் சொன்னாள். அவளைச் சிறையில் போட வேண்டும் என்றவர்கள் உண்டு. அவளோடு பழக ஆசை என்று எழுதிய ஆண்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் எனக்கு அதிக அருவருப்பாக இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும், அதுதான் எனக்கு வருத்தம். படிப்பிலும் கெட்டிக்காரியாக இருந்தவள், மறுவருஷம் திரும்பி வந்து ஆடவும் செய்தாள். உலகத்துக்கு இன்னமும் அவள் அந்த ஒரு நொடிதான்.

ஆண் செய்திருந்தால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது என்று அவள் சொன்னது உண்மை. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிடான் இத்தாலியின் மடெராஸியின் நெஞ்சில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். ஆனால் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. 2014 உலகக் கோப்பையில் உருகுவேயின் சுவாரஸ் இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்தார். நான்கு மாதம் தடை. அதே கோடையில் பார்சிலோனா அவரை வாங்கியது. ஆண் செய்தால் ஆத்திரம், பெண் செய்தால் அசிங்கம் என்று பார்க்கிற கண் இது. அந்தக் கண்ணுக்குப் பயந்து நீ நல்லபடியாக நடக்க வேண்டும் என்றால் எனக்கு அந்த நல்ல நடத்தை வேண்டாம். யாரும் பார்க்கவில்லை என்றால் செய்யலாம் என்று அதற்கு அர்த்தமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை எந்த ரெஃப்ரியும் பார்க்கவில்லையே.

எனக்கு இருக்கிற ஒரே காரணம் அந்த ஒன்பதாம் நம்பரின் கழுத்து.

ஓடுகிற ஒருத்தியின் தலையைப் பின்னாலிருந்து இழுத்தால், உடம்பு முன்னால் போகிறது, தலை பின்னால் வருகிறது. அவளுக்கு அது வருவது தெரியாது, கழுத்துத் தசையை இறுக்கிக்கொள்ள முடியாது. பெண்கள் சாக்கரில் தலை அதிர்ச்சி, அந்தக் கன்கஷன், எவ்வளவு சாதாரணம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஆட்டத்தை ஆடுகிற ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது. பந்தைத் தலையால் முட்டுவதால் வருவதைவிட, இன்னொருத்தியின் தலையோ முழங்கையோ இடித்துத்தான் அதிகம் வருகிறது. முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். தசைநார் கிழிகிற விஷயத்திலும் பெண்களுக்கு ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. உன் ரூம்மேட் போன வருஷம் முழுக்க ஊன்றுகோலும் ஐஸ் பையுமாக இருந்தாளே, அவளை யாரும் தொடக்கூட இல்லை, தானாகத் திரும்பும்போது போனது. தானாகவே போகிற முழங்காலும் தலையும் இருக்கிற ஆட்டத்தில், கையைப் போட்டு இழுக்கவும் செய்தால் என்ன ஆகும்?

நான் முரட்டு ஆட்டத்துக்கு விரோதி இல்லை. ஒட்டன்சத்திரத்தில் பள்ளிக்கூட டீமில் கபடி ஆடியவள் நான். பிடிப்பதுதான் அங்கே ஆட்டமே. கணுக்காலைப் பிடிப்போம், இடுப்பைக் கட்டிக்கொள்வோம், நாலு பேர் மேலே விழுந்து அமுக்குவோம். அந்த ஆட்டத்திலேயே கை கால், உடம்பு தவிர வேறெங்கும் பிடிக்கக்கூடாது என்றுதான் விதி. முடியில் கை வைத்தால் ஃபவுல். எங்கள் பி.டி. டீச்சர் அதற்கு விளக்கமெல்லாம் சொல்ல மாட்டார், வெளியே போய் உட்காரச் சொல்லிவிடுவார்.

நீ ஆடுகிற ஆட்டத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதையும் எழுதிவிடுகிறேன். முதல் பாதியில் அவர்களுடைய விங்கர் தனியாக வந்தபோது நீ போட்ட ஸ்லைடு டாக்கிள் இருக்கிறதே. அவள் பந்தைக் கொஞ்சம் நீளமாகத் தள்ளுகிற வரை பொறுத்திருந்தாய். தள்ளியதும் ஒரே சறுக்கு, வலது கால் பந்தில் பட்டது, அவள் உன் மேல் தடுக்கி உருண்டாள். இருவர் உடம்பிலும் புல்லும் மண்ணும். நீ எழுந்து அவளுக்குக் கை கொடுத்தாய். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அப்பா “ஃபவுல்!” என்று கத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது. தோளோடு தோள் இடித்து ஒருத்தியைப் பந்திலிருந்து விலக்கினால் இடி. இருபது கஜம் துரத்திப் போய் மறித்தால் மறி. யார் வீட்டு மாமா என்ன எழுதினாலும் கவலைப்படாதே.

ஆனால் அந்த இழுப்பின்போது பந்து எங்கே இருந்தது? மைதானத்தின் அந்தப் பக்கம். விதிப் புத்தகமும் இதைத்தான் பார்க்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃபவுலோடு போயிற்று. எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் பாய்ந்தால் மஞ்சள். அளவு மீறிய பலத்தைக் காட்டினால் சிவப்பு. பந்துக்காகப் போட்டியே இல்லாத நேரத்தில் முரட்டுப் பலத்தைக் காட்ட முயன்றாலே நேராகச் சிவப்புதான், கை பட்டதா இல்லையா என்ற பேச்சே கிடையாது. ரெஃப்ரி திரும்பியிருந்தால் உன் டீம் மிச்ச நேரம் பத்துப் பேரோடு ஆடியிருக்கும். நாளை மறுநாள் ஆட்டத்திலும் நீ வெளியேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ரெஃப்ரிகளைப் பற்றியும் எனக்குக் குறை இருக்கிறது. மைதானத்தில் இருபத்திரண்டு பேர், பார்ப்பதற்கு மூன்று பேர். அதில் கோட்டோரம் நிற்கிற இரண்டு பேருக்கும் ஆஃப்சைடைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் பத்து நிமிஷத்தில் ஜெர்சியைப் பிடிப்பதற்கு ஒரு விசில் ஊதியிருந்தால், இரண்டாவது பாதியில் முடி வரைக்கும் போயிருக்காது. “பெண்கள் ஆட்டம்தானே, பெரிதாக என்ன நடந்துவிடும்” என்று நினைக்கிற ரெஃப்ரிகள் இன்னமும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதுவும் ஒரு அவமதிப்புதான். கோச்சுகள் சிலர் ஓரத்திலிருந்து “இன்னும் ஃபிசிகலா ஆடு” என்று கத்துகிறார்கள். எது வரைக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை.

உன் கையில் ஒரு வழி இருந்தது. ஒருத்தி திரும்பத் திரும்ப ஃபவுல் செய்வதே மஞ்சள் அட்டைக்கு உரிய குற்றம். ஆட்டம் நிற்கிற நேரம் பார்த்து உங்கள் கேப்டன் ரெஃப்ரியிடம் மரியாதையாகப் போய், “அடுத்த கார்னரில் ஒன்பதாம் நம்பரைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொல்லலாம். புகார் சொல்வது கோழைத்தனம் என்று உங்கள் டீமில் யாராவது சொன்னால் நம்பாதே. பல சமயம் திருப்பி அடிக்கிறவள்தான் மாட்டுகிறாள். முதலில் அடித்தவள் அதற்குள் நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருப்பாள். இது அவளுக்கும் தெரியும். நீ எப்போது வெடிப்பாய் என்றுதான் அன்றைக்கு முழுக்கக் காத்திருந்தாள் என்று எனக்குப் படுகிறது.

1982-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கு முதல்முறையாகச் சாக்கர் சாம்பியன்ஷிப் நடத்தியபோது 12 அணிகள்தான். இன்றைக்கு அந்தத் தொடருக்கு 64 அணிகள் போகின்றன. கல்வி நிலையங்களில் பெண் என்று ஒதுக்கக்கூடாது என்கிற டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வராமல் இருந்திருந்தால் உன் ஸ்காலர்ஷிப்பும் கிடையாது, அந்த ஒன்பதாம் நம்பருடையதும் கிடையாது. அவளும் உன்னைப் போலக் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடித்தான் அந்த இடத்துக்கு வந்திருப்பாள். அவளுக்கும் ஸ்டாண்டில் ஒரு அம்மா இருந்திருப்பார். எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவை நான் கண்டேன். அவரா என்று தெரியாது.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். கோச்சிடம் நீயே போய்ச் சொல், வீடியோவைப் பார்த்து அவர் கூப்பிட்டுக் கேட்பதற்கு முன்னால். “நான் முடியைப் பிடித்து இழுத்தேன்” என்று அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவள் என்ன செய்தாள் என்பது அந்த வாக்கியத்தில் வர வேண்டாம், அதைத் தனியாக இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். அப்புறம், அவர்கள் கோச் மூலமாக அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுது. கழுத்து எப்படி இருக்கிறது என்று கேள். பதில் வராமல் போகலாம், வந்தால் கோபமாகவும் வரலாம். இரண்டையும் வாங்கிக்கொள்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு அப்பாவும் நானும் வருகிறோம். நீ ஆடினாலும் வருவோம், கோச் உன்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாலும் வருவோம். அந்த விலாவை டிரெய்னரிடம் காட்டினாயா இல்லையா என்று இன்றைக்கு ராத்திரிக்குள் எனக்குச் சொல். பருப்புப் பொடி தீர்ந்திருந்தால் அதையும் சொல், அரைத்து எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா