பூஸ்டர் மாட்டும் முன் வால்வைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டர்போ பெட்ரோல் கார்களுக்குப் பிரேக் பூஸ்டர் (இன்ஜினின் வெற்றிடத்தைக் கொண்டு பெடல் மிதிப்பதை எளிதாக்கும் கருவி) பொருத்துகிறவர்கள், வெற்றிடத்தை அதற்குக் கொண்டுவரும் வேக்குவம் ஹோஸ் விஷயத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். த்ராட்டிலுக்கும் (காற்றை அளந்து விடும் மடல்) இன்ஜினுக்கும் நடுவிலுள்ள மேனிஃபோல்டு என்ற காற்றுக் குழாயிலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) அங்கே வெற்றிடம் இருக்கும். டர்போ காற்றை ஊதத் தொடங்கியதும் அதே இடத்தில் அழுத்தம் ஏறிவிடும். ஹோஸின் நடுவே நான்-ரிட்டர்ன் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது) இல்லையென்றால் அந்தக் காற்று பூஸ்டருக்குள் புகுந்துவிடும். அப்போது பெடல் கல்லாகிவிடும், அதுவும் வண்டி வேகமெடுத்த நேரத்தில். வால்வு டர்போ அழுத்தத்தைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். காற்று இன்ஜின் பக்கம் மட்டுமே போகும்படி மாட்டி, கிளிப்பால் இறுக்குங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் வேண்டவே வேண்டாம்: சூட்டில் இளகி, உறிஞ்சும்போது உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.

பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் (பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் உருளை) தள்ளும் புஷ் ராடு நீளத்தையும் அளந்து பாருங்கள். சற்றுக் கூடினாலும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. பிரேக் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு, பிரேக் பிடித்தபடியே ஓடி டிரம் கொதிக்கும்.

டீசல் வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து போதிய வெற்றிடம் கிடைக்காது என்பதால் தனி வேக்குவம் பம்ப் வேண்டும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழிறங்க வேண்டும். இறங்காத வண்டியைத் தயவுசெய்து சாலைக்கு எடுக்காதீர்கள்.

வாசகர், கோயம்புத்தூர்