உதடு மட்டும் அசைந்தது

ஆசிரியருக்கு,

கோத்தகிரி பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படுகர், இருளர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். சில நாளாகக் காலைக் கூட்டத்தில் ஒரு மதத்தின் பக்திப் பாட்டு. பனியில் ஸ்வெட்டர் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டு என் பேத்தி உதட்டை மட்டும் அசைக்கிறாளாம். பாட்டு நல்ல பாட்டுதான், அது வேறு விஷயம்.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று கேரளப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1986-இல். தேசிய கீதத்துக்கே அப்படி என்றால்?

பள்ளியில் கேட்டேன். “எல்லாரும் பாடுறாங்களே சார்” என்றார்கள். கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும்.

ஒரு தாத்தா,
கோத்தகிரி