சுண்டெலியில் கண்டதைச் சுண்டெலி என்றே எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாசை உணரும் புரதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்தைத் தமிழில் எழுதியதே பெரிய காரியம். ஆனால் இந்தப் புரதத்தை முடக்கிவிட்டால் மூளை நோய்களைத் தடுத்துவிடலாம் என்கிற தொனியில் அது முடிந்தது மனதை உறுத்துகிறது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ஏஎச்ஆர் என்ற இந்தப் புரதம் செல்லுக்குள் சும்மா கிடக்கும். டையாக்சின் போன்ற நச்சு வந்து ஒட்டியதும் உட்கருவுக்குள் போய், நச்சைச் சிதைக்கும் நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடும். குப்பையை எரிக்கும் புகையில் டையாக்சின் உண்டு, ஆகவே நமக்கும் இதில் அக்கறை வேண்டும். ஆனால் நச்சு மட்டும்தான் ஒட்டும் என்றில்லை. உணவிலுள்ள டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றித் தரும் பொருள்களும் ஒட்டும். கட்டுரை இதைத் தொடவே இல்லை.

2008இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். நரம்பின் மேலுறை அழியும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோயைச் சுண்டெலிகளுக்கு வரவழைத்தார்கள். இந்த வகை ஆய்வுகளில் தினமும் மதிப்பெண் போடுவது வழக்கம்: வால் துவண்டால் 1, பின்னங்கால் இரண்டும் செயலிழந்தால் 3. டையாக்சின் கொடுத்த சுண்டெலிகளுக்கு நோய் தணிந்தது. அதே புரதத்தில் ஒட்டும், டிரிப்டோஃபேனிலிருந்து உண்டாகும் எஃப்ஐசிஇசட் என்ற பொருளைக் கொடுத்தபோதோ நோய் முற்றியது! அதற்காக டையாக்சின் மருந்தாகிவிடாது. அது புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு. ஒட்டுகிற பொருளைப் பொறுத்து இந்தப் புரதத்தின் வேலை தலைகீழாக மாறலாம், அவ்வளவுதான். 2016இல் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், டிரிப்டோஃபேன் இல்லாத தீனி தின்ற சுண்டெலிகள் இதே நோயிலிருந்து தேறவில்லை. அதைத் திரும்பச் சேர்த்ததும் தேறின. மூளையின் துணைச் செல்களில் அழற்சியை ஏஎச்ஆர் அடக்கியதுதான் காரணம் என்று கண்டார்கள்.

சரி, ஒரேயடியாக முடக்கினால்? இந்தப் புரதமே இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகளுக்கு ஈரல் சிறுத்துப்போகிறது. இன்னொரு பக்கம், ஆய்வகங்களில் வளர்க்கும் சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுக்களில் இதை நீக்கியபோது ஆயுள் கூடியது. ஆனால் புழுவின் ஏஎச்ஆரில் டையாக்சின் ஒட்டவே ஒட்டாது. அந்த முடிவை வைத்து மாசைப் பற்றி எதைச் சொல்ல முடியும்? மனிதரின் ஏஎச்ஆர்கூட, ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் கறுப்புச் சுண்டெலியினுடையதைவிடச் சுமார் 10 மடங்கு பலவீனமாகத்தான் டையாக்சினைப் பற்றுகிறது.

காற்று மாசு மறதி நோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி என்று 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2020இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. மனிதரிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த முடிவு அது. அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். இந்தப் புரதத்தைப் பற்றி மறுபடி எழுதும்போது எந்த விலங்கு, எந்தப் பொருள், எந்த நோய் என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை ஒருவர்,
திருச்சி