சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

மலையில் உன் பள்ளி லேபில் நெட் இல்லாமல் இருக்கும் பத்து கம்ப்யூட்டருக்கும் பென்டிரைவ் வழியாக விண்டோஸ் அப்டேட் போடுவது எப்படி என்று கேட்டாய். போன் அறுந்து அறுந்து போனதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி, அம்மா சுட்ட முறுக்கோடு ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் அனுப்புகிறேன். டப்பாவின் அடியில் சிவப்பு நூல் கட்டிய 64 ஜிபி பென்டிரைவ் இருக்கும். அதை அப்டேட்டுக்கு மட்டும் வைத்துக்கொள். வேறு யாருக்கும் கொடுக்காதே.

"நெட்டே இல்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் எதற்கு?" என்று உங்கள் ஹெச்.எம். கேட்டாராமே. பல வருஷம் முன்னால் ஒரு அரிசி மண்டிக்காரரிடம் நானே அதைத்தான் சொன்னேன். கணக்கு மெஷின் நெட்டில் இல்லை, அப்படியே விடலாம் என்றேன். வெளியே போய்வந்த ஒரு பென்டிரைவில் வைரஸ் ஏறி வந்து மூன்று வருஷக் கணக்கு போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பரணிலிருந்து பேரேடுகளை இறக்கி, தூசி தட்டி, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

2010-ல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸும் பென்டிரைவ் வழியாகப் பரவியதுதான். ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே தொற்றிக்கொள்ளும்படி விண்டோஸில் ஒரு ஓட்டை இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் ஆகஸ்டில் அதை அடைத்தது. ஆனால் அந்த அடைப்பு வந்து சேராத மெஷினில் ஓட்டை ஓட்டையாகவே கிடந்தது. உன் லேபில் பிள்ளைகள் படமும் பாட்டும் கொண்டுவரும் பென்டிரைவ்களை நினைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வின்வெர் (winver) என்று அடி. பதிப்பும் பில்ட் எண்ணும் வரும். நோட்டில் எழுதிக்கொள். பத்தும் விண்டோஸ் 11, 24ஹெச்2 பதிப்பு என்று சொன்னாய். ஒன்றிரண்டு மாறியிருந்தால் அதற்கான கோப்பே வேறு.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் விடும். நம் ஊரில் அப்போது இரவு ஆகிவிடும். உடனே எடுக்காதே. புதிதில் ஏதாவது கோளாறு இருந்தால் பத்து நாளில் தெரிந்துவிடும். அதற்கு அடுத்த வாரச் சனிக்கிழமை போளூரில் அத்தை வீட்டு வைஃபையில், உன் லேப்டாப்பில் இறக்கு. பிரவுசிங் சென்டர் வேண்டவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அந்த மாதத்தின் கேபி எண்ணை, அதாவது அப்டேட்டின் அடையாள எண்ணை, போட்டுத் தேடி, எக்ஸ்64 (x64) என்று இருப்பதை எடு. விட்டுப்போன மாதங்களுக்குத் தனித்தனியாக அலைய வேண்டாம். முந்தையவை எல்லாம் கடைசியாக வந்ததிலேயே அடங்கியிருக்கும்.

ஆனால் 24ஹெச்2-க்கு டவுன்லோட் அழுத்தினால் இரண்டு கோப்பு காட்டும். ஒன்று அந்த மாதத்தினுடையது. இன்னொன்று கேபி5043080, 2024 செப்டம்பரில் வந்தது. மற்றதற்கு அதுதான் அஸ்திவாரம். இரண்டையும் எடுத்து ஒரே ஃபோல்டரில் வை. பல ஜிபி வரும். ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது என்பதால் பென்டிரைவை என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸுக்கான வைரஸ் விவரக் கோப்பையும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் தனியாக எடுத்துக்கொள். அது தினமும் மாறுவது, கிளம்பும் முன் கடைசியாக இறக்கினால் போதும்.

மலை ஏறும் முன் ஒன்று செய், பாப்பா. அப்டேட் கோப்பின் பெயர் முடிவில் 40 எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்று இருக்கும். அதுதான் அந்தக் கோப்பின் எஸ்ஹெச்ஏ-1 கைரேகை; கோப்பில் துளி மாறினாலும் இதுவும் மாறிவிடும். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையை ஓட்டி வரும் விடையும் அதுவும் ஒத்துப்போகிறதா பார். லேப்டாப்பில் இருக்கும் கோப்பை மட்டும் பார்த்தால் போதாது, பென்டிரைவில் ஏறியதையும் பார். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்கு. பள்ளிக்குப் போனபிறகு தெரிந்தால் ஒரு வாரம் வீண்.

அங்கே போனதும் ஃபோல்டரை அப்படியே சி டிரைவில் போட்டு, அப்டேட்டை ஏற்றும் டிஸ்ம் (DISM) கட்டளையில் அந்த மாதக் கோப்பைக் காட்டினால் மற்றதை அதுவே எடுத்துக்கொள்ளும். கட்டளைகளை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முதலில் ஒரே ஒரு மெஷினில் போட்டு, இரண்டு நாள் பிள்ளைகள் பழகட்டும். பிரின்ட் வருகிறதா, தமிழ் டைப்பாகிறதா என்று பார். அப்புறம் மற்ற ஒன்பது. சாயங்கால மழை நேரத்தில் ஆரம்பிக்காதே. பாதியில் கரண்ட் போனால் பெரிய தலைவலி.

ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டரில் இருக்கும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்த மாதத்துக் கோப்பு வரை போட்டுவை. லீவுக்கு நான் வந்து லினக்ஸ் ஏற்றித் தருகிறேன். மார்க் லிஸ்ட்டை மட்டும் இப்போதே இரண்டு இடத்தில் காப்பி எடு.

முதல் மெஷினில் போட்டதும் வின்வெரில் வரும் புது பில்ட் எண்ணைக் குறித்துக்கொண்டு, சனிக்கிழமை அத்தை வீட்டிலிருந்து போன் செய். நானும் இங்கே அதே அப்டேட்டைப் போட்டு எண்ணை எழுதி வைத்திருப்பேன். ஒத்துப்பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா