எர்ஸ்கினின் நெற்றியைத் திருப்பிக் கொடுங்கள்

ஸ்ட்ரீமிங் சேவை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ‘தி எஃப்.பி.ஐ.’ தொடர் பற்றி உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு ஏற்கெனவே எழுதியிருந்தேன். இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. இணைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில்தான் ஆளுக்குப் பாதித் தலை இல்லை.

1965 முதல் 1974 வரை அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் ஓடிய இந்தத் துப்பறியும் தொடர் 4:3 அளவில், அதாவது பழைய டிவித் திரையின் வடிவில், எடுக்கப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அகலத்திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டிவிட்டீர்கள். இன்ஸ்பெக்டர் எர்ஸ்கினாக வரும் எஃப்ரம் சிம்பலிஸ்ட் ஜூனியரை நெருக்கத்தில் காட்டினால் நெற்றியைக் காணோம். மேசையிலிருந்து எதையோ எடுத்து உற்றுப் பார்க்கிறார். அது என்னவென்று நமக்குத் தெரியாது. துப்பறியும் கதையில் துப்பே திரைக்கு வெளியே! வெட்டாத படத்தைப் போடுங்கள். இருபக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் வரட்டும்.

இதையாவது பொறுக்கலாம். இதைத் தயாரித்த குவின் மார்ட்டினின் தொடர்களில் கதை நான்கு அங்கமாகப் போகும், கடைசியில் ‘எபிலாக்’ என்று போட்டு ஒரு சின்னக் காட்சி வரும். வழக்கு முடிந்து, எர்ஸ்கினும் அவருடைய மேலதிகாரி ஆர்தர் வார்டும் பேச வாயெடுக்கும் நேரம் பார்த்துப் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி மூலைக்குப் போகிறது. அடுத்த பகுதிக்கு எண்ணத் தொடங்கிவிடுகிறீர்கள். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த கொலை நடந்துவிடுகிறது.

அந்தக் கடைசி நிமிடங்களுக்கு அன்று எவ்வளவு மதிப்பு! சில வாரங்களில் கதை முடிந்ததும் சிம்பலிஸ்ட்டே தோன்றி, நிஜத்தில் தேடப்படும் குற்றவாளியைப் பற்றித் துப்புக் கேட்பார். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொலையில் தேடப்பட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரேயைப் பற்றியும் அப்படிக் கேட்டார். உங்கள் கையில் இருந்திருந்தால் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பகுதி ஓடியிருக்கும்.

கதைகளை எஃப்.பி.ஐ. பார்த்து ஒப்புதல் தந்த பிறகே படமாக்கினார்கள். எஃப்.பி.ஐ. இயக்குநராக இருந்த ஹூவரின் ஆட்கள் கைவைத்தது போக மிஞ்சியதில் இப்போது நீங்கள். சந்தாவைக் கூட்டும்போது மட்டும் ஒரு எழுத்து விடாமல் முழு மின்னஞ்சல் வருகிறது. சரி, அது வேறு கதை.

கேட்பது இவ்வளவுதான்: தொடரை 4:3 அளவிலேயே, வெட்டாமல் காட்டுங்கள். எபிலாக் முடியும்வரை படத்தைச் சுருக்காதீர்கள். தயவுசெய்து இந்த முறை இணைய இணைப்பைப் பற்றி எழுதாமல், எப்போது சரிசெய்வீர்கள் என்று தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்த மாதமும் சந்தா கட்டிய ஒருவன்