வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கு நன்றி

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் மறையூர், கோவில்கடவு, காந்தளூர் ஊர்க்காரர்களுக்கும், வேன் ஓட்டிய அண்ணனுக்கும், வனக்காவலர்களுக்கும், வெல்ல ஆலைக்காரர்களுக்கும், உடுமலைப் பக்கத்திலிருந்து முனியறை என்னும் பழங்காலக் கற்பலகை அறைகளைப் பார்க்க வந்த குழுவினர் வணக்கத்தோடு எழுதுவது.

சோறு போட்டதற்கும் வழி காட்டியதற்கும் நன்றி. அதைவிடப் பெரிய உதவி, நீங்கள் 'வேண்டாம்' என்று தடுத்த இடங்களில்தான் கிடைத்தது. எதற்காகத் தடுத்தீர்கள் என்று எழுதிவைத்தால், அடுத்து வருகிறவர்களாவது உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டார்கள்.

உடுமலையிலிருந்து வரும் வழியிலுள்ள ஒன்பதாறு வனத்துறைச் செக்போஸ்ட் தாண்டியதிலிருந்து மறையூர் வரும்வரை வண்டியை எங்கும் ஓரங்கட்ட மாட்டேன் என்றார் வேன் அண்ணன். வழியிலுள்ள சின்னாறு, மலை மறைப்பதால் மழை குறைந்த மழைமறைவுக் காடு. முட்புதரும் பாறையுமாக இருக்கும். வளைவுக்கு அப்பால் நிற்கும் யானை, மண் பூசிய பாறை மாதிரியேதான் தெரியும். படம் எடுக்க இறங்கினால் திரும்பி ஓட இடமிருக்காது. இரவில் செக்போஸ்ட்டை அடைத்துவிடுவார்கள் என்பதால் மதியத்துக்குள் கிளம்பச் சொன்னதும் அவர்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019-இலும் கேரளத்தில் 2020-இலும் தடை வந்துவிட்டது. தூக்குவாளியும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டுவந்தால் எந்தச் சோதனையிலும் நேரம் வீணாகாது.

கோவில்கடவுப் பெரியவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. முனியறையின் மேல்கல்லில் யாரையும் உட்காரவே விடவில்லை அவர். பக்கத்துக்கு ஒன்றாகப் பலகைக்கல்லை நட்டு, மேலே ஒரு பெரிய பலகையை ஏற்றியிருப்பதுதான் முனியறை. சுண்ணமோ சாந்தோ கிடையாது. மேல்கல்லின் பாரம் அழுத்துவதால்தான் பக்கக்கற்கள் அசையாமல் நிற்கின்றன. அடிமண் அரித்துப்போன அறையில் ஓர் ஓரமாக ஆள் ஏறினால் பாரம் ஒரு பக்கம் சாய்கிறது. ஒரு பலகை விலகினால் போதும், மற்றவையும் சரியும். சாய்ந்த கல்லை நாமே நிமிர்த்துவது அதைவிட மோசம். நட்ட குழியின் மண் கலைந்துவிடும். ஆய்வாளருக்குக் காலம் சொல்லக்கூடிய தடயமே அந்த மண்ணில்தான் இருக்கிறது.

முனிவர்கள் தவமிருந்த அறை என்று ஊரில் சொல்வதையும், இறந்தோருக்கு எழுப்பிய பெருங்கற்கால ஈமச்சின்னம் என்று தொல்லியலார் சொல்வதையும் பெரியவர் ஒரே மூச்சில் சொன்னார். எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. சில அறைகள் மண்ணே இல்லாத வெறும் பாறையில் நிற்கின்றனவே, அவற்றுக்குள் எதைப் புதைத்திருக்க முடியும் என்று திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. எலும்பை மட்டும் பின்னர் கொண்டுவந்து வைத்தார்களா, நினைவுக்காக எழுப்பியதா என்று பேச இன்னும் இடமிருக்கிறது.

பாறை ஓவியத்தில் தண்ணீர் தெளிக்கப் போன கையைத் தட்டிவிட்டவரும் அவரே. நனைந்தால் சிவப்பு பளிச்சென்று எழும்பும். காய்ந்ததும் பாறையின் உப்பு வெளியே வந்து வெள்ளைப் படலமாக நிறத்தை மூடும். பின்னர் அதைச் சுரண்ட ஆரம்பித்தால் ஓவியமே மிஞ்சாது. காலைச் சாய்வெயிலில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தாலே படம் நன்றாக வருகிறது.

வெல்ல ஆலைக்கொட்டகை அண்ணன்மார் அன்றைக்கு நாங்கள் கேட்ட வெல்ல உருண்டையைக் கொடுக்க மறுத்தார்கள். வெட்டிப் போட்டு நாளான கரும்பின் பாகு அது. வெட்டிய கரும்பைச் சீக்கிரம் ஆட்டாவிட்டால் அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோகும். எவ்வளவு காய்ச்சினாலும் பாகு பிசுபிசுத்துப் பிடிபடாது. நல்ல சாறு என்றால் வடிகட்டிக் கொப்பரையில் ஊற்றி, ஆட்டிக் காயவைத்த சக்கையையே அடுப்பில் எரித்து, துளி சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை விடாமல் அள்ளுகிறார்கள். சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை முறிக்கும். கூடினால் நிறம் கறுத்துச் சுவை கெடும். ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாகத் திரள வேண்டும், அதுதான் பதம். மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்துவிட வேண்டும். முந்தினால் தட்டையாகும், பிந்தினால் பொடிந்துபோகும். உருண்டையில் விரல் பதிந்த தடம் தெரியும். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயரில் வெளியூர் வெல்லமும் விற்கிறது. நாவில் உப்புக் கரித்தால் வாங்காதீர்கள் என்று சொன்னதற்கும், ஈரம் பட்டால் இளகும் என்று ஓலையில் கட்டித் தந்ததற்கும் நன்றி.

சந்தனக் காட்டு வேலியோரம் கிடந்த காய்ந்த சுள்ளியைக்கூடத் தொடவிடாத காவலருக்கும் நன்றி. சுள்ளி என்று நாம் எடுப்பது வழக்காக முடியலாம். சந்தனம் தானே நின்று பிழைக்கும் மரமல்ல, வேரால் பக்கத்துச் செடிகளைப் பற்றி உறிஞ்சி வாழ்வது என்று அவர் விளக்கியதால், சுற்றிலும் உள்ள புதரை ஏன் வெட்டுவதில்லை என்பதும் புரிந்தது.

காந்தளூரில் மலைப்பூண்டு கொடுத்த அக்கா, விதைப் பூண்டை அடுப்புப் புகைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். அதைக் கேட்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கேட்கவில்லை.

முனியறைகளின் நீள அகல அளவுகளையும் படங்களையும் அச்செடுத்து இரண்டு படிகள் அனுப்புகிறோம், ஒன்று பெரியவருக்கு, மற்றது பள்ளிக்கூடத்துக்கு. எங்கே எந்த அறை என்று காட்டும் வரைபடம் மட்டும் அதில் இருக்காது. அதையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தீர்கள்.