கோபோல் மட்டும் போதாது, டிஸ்க்கையும் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினி வேலைவாய்ப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றும் அதை நம்பித்தான் இருக்கின்றன என்று எழுதியது சரி. ஆனால் கோபோல் (புரோகிராம் எழுதும் மொழி), ஜேசிஎல் (எந்தப் புரோகிராமை எந்த ஃபைலோடு ஓட்டுவது என்று கணினிக்குச் சொல்லும் கட்டளைகள்), டிபி2 (தரவுத்தளம்), சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் மென்பொருள்) நான்கையும் படித்துவிட்டால் வேலைக்குத் தயார் என்று முடித்துவிட்டார்கள். டேட்டா டிஸ்க்கில் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்துவர ஏன் நேரமாகிறது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்த சென்னைப் பயிற்சி மையங்களிலும் இதே நிலைதான்.

நான் சென்னையில் இருந்தபடி ஒரு வெளிநாட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் இரவு பேட்ச்சை, அதாவது வரிசையாக ஓடும் ஜாப்களை (கணினி வேலைகளை), கவனித்துவந்தவன். அங்கே அலுவலகம் மூடியதும் தொடங்கும் ஜாப்கள் காலையில் ஆன்லைன் திறப்பதற்குள் முடிந்தாக வேண்டும். ஒன்று இழுத்தால் பின்னால் நிற்பதெல்லாம் இழுக்கும். பிரீமியம் ஃபைலைப் படிக்கும் ஒரு ஜாப் மாதக் கடைசியில் அப்படி இழுத்துக்கொண்டே போனது. புது ஸ்டோரேஜ் வாங்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஜாப் லாகைப் பார்த்துவிட்டு, “ஸார், எக்ஸ்சிபி கவுண்ட்டும் ரெக்கார்ட் கவுண்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே இருக்கே?” என்று கேட்டார். எக்ஸ்சிபி கவுண்ட் என்பது படிக்கவோ எழுதவோ டிஸ்க்குக்குப் போய்வந்த தடவைகளின் எண்ணிக்கை. அது ரெக்கார்டு எண்ணிக்கையோடு ஒத்துப்போனால், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒருமுறை டிஸ்க்குக்குப் போய்வருகிறது என்று அர்த்தம். கோளாறு அங்கேதான் இருந்தது. யாரோ எப்போதோ பிளாக் சைஸ் (ஒரே தடவையில் படித்து எழுதும் ரெக்கார்டுக் கட்டின் அளவு) 80 என்று ஜேசிஎல்லில் எழுதியதை, அதற்குப் பின் வந்த எல்லோரும் அப்படியே காப்பி எடுத்து ஓட்டியிருக்கிறார்கள்.

80 என்பது பஞ்ச் கார்டு காலத்து அளவு. ஒரு கார்டில் 80 எழுத்து, ஒரு ரெக்கார்டுக்கு 80 பைட். ரெக்கார்டு 80 பைட்டாக இருப்பதில் தவறில்லை. ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்தனி பிளாக்காக எழுதுவதுதான் தவறு. ஐபிஎம் 3390 டிஸ்க்கில் ஒரு டிராக்கின் (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் ஒரு வட்டப் பாதையின்) கொள்ளளவு 56,664 பைட். அதில் 80 பைட் பிளாக்குகள் 78 மட்டுமே அடங்கும். மீதி இடமெல்லாம் பிளாக்குகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் கட்டுப்பாட்டுத் தகவலுக்கும் போய்விடும். அதே ரெக்கார்டுகளை 27,920 பைட் பிளாக்குகளாகக் கட்டினால் டிராக்குக்கு இரண்டு பிளாக், அதாவது 698 ரெக்கார்டு. பத்து லட்சம் ரெக்கார்டு உள்ள ஃபைலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் வகையில் 12,821 டிராக், பத்து லட்சம் பிளாக், இரண்டாவதில் 1,433 டிராக், 2,866 பிளாக். நெல்லை மூட்டையாக ஏற்றாமல் பிடி பிடியாக அள்ளி வண்டியில் போடுகிற வேலையை அந்த ஜாப் இரவு முழுக்கச் செய்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் பிளாக் சைஸை எழுதாமல் விட்டாலே சிஸ்டம் தானாகச் சரியான அளவைப் போட்டுக்கொள்ளும். அந்த வசதி வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

“இப்போதுதான் எல்லாம் ஃபிளாஷ் ஆகிவிட்டதே, சுழலும் டிஸ்க்கே இல்லையே” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் உள்ளே ஃபிளாஷ் இருந்தாலும் வெளியே அந்த ஸ்டோரேஜ் தன்னை 3390 என்றே காட்டிக்கொள்கிறது. அந்த டிராக் கணக்கு இன்றும் அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு பிளாக்குக்கும் ப்ராசஸர் செய்யும் வேலையும் குறையவில்லை. அந்த வேலைக்குப் பணமும் கட்ட வேண்டும். பல ஐபிஎம் மென்பொருள்களுக்கு மாதக் கட்டணமே நான்கு மணி நேர சராசரிப் பயன்பாட்டின் உச்சத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

விசாம் ஃபைலும் (இண்டெக்ஸ் வைத்து ரெக்கார்டைத் தேடி எடுக்கக்கூடிய ஃபைல் வகை) அப்படித்தான். ஒன்றும் சொல்லாமல் விட்டால் டேட்டாவுக்கு இரண்டு பஃபர் (டிஸ்க்கிலிருந்து வருவதை நினைவகத்தில் வைக்கும் இடம்), இண்டெக்ஸுக்கு ஒன்று என்று சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். வரிசையாகப் படிக்கிற ஜாப்புக்கு டேட்டா பஃபரைக் கூட்ட வேண்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிற ஜாப்புக்கு இண்டெக்ஸ் பஃபரைக் கூட்ட வேண்டும். ஜேசிஎல்லில் ஒரே ஒரு வரிதான். புரோகிராமைத் தொடவே வேண்டாம். கோபோலைக் கரைத்துக் குடித்த பல இளைஞர்கள் இந்த வரியைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ஹார்டுவேர் முன்னேற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. முன்பு ஒரு வால்யூமுக்கு (ஒரு தனி டிஸ்க்காகக் கணக்கில் வரும் பகுதிக்கு) ஒரு நேரத்தில் ஒரு ஐஓதான் (படிக்க அல்லது எழுதக் கேட்கும் கோரிக்கை) போகும், மற்றவை வரிசையில் நிற்கும். பிஏவி என்னும் வசதி வந்த பிறகு ஒரே வால்யூமுக்குப் பல ஐஓக்கள் ஒன்றாகப் போகின்றன. 2017இல் ஐபிஎம்மின் இசட்14 மெயின்ஃபிரேமோடு வந்த இசட்ஹைப்பர்லிங்க் என்னும் இணைப்பு, 150 மீட்டருக்குள் இருக்கும் ஸ்டோரேஜிலிருந்து சுமார் 20 மைக்ரோ நொடியில் படித்துத் தருகிறது. அருமையான வேலை! ஆனால் தாமதம் எங்கே என்று தெரியாமல் இவற்றை வாங்கி என்ன பயன்? மெயின்ஃபிரேமின் செயல்பாட்டை அளந்து காட்டும் ஆர்எம்எஃப் அறிக்கையில் காத்திருப்பு நான்காகப் பிரிந்து வருகிறது: ஐஓஎஸ்க்யூ, பெண்டிங் (அனுப்பிய கோரிக்கையை ஸ்டோரேஜ் ஏற்கும்வரை ஆகும் நேரம்), டிஸ்கனெக்ட், கனெக்ட் (டேட்டா கைமாறும் நேரம்). ஐஓஎஸ்க்யூ அதிகமென்றால் வால்யூமின் வாசலிலேயே நெரிசல், அதற்குப் பிஏவி மருந்து. டிஸ்கனெக்ட் அதிகமென்றால் பெரும்பாலும் கேஷில் (ஸ்டோரேஜின் வேகமான நினைவகத்தில்) டேட்டா கிடைக்கவில்லை, அல்லது தொலைவில் உள்ள இன்னொரு ஸ்டோரேஜுக்கு நகல் போய்ச் சேரக் காத்திருக்கிறது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

இதைப் படிக்கத் தனிப் பட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு வாரம் போதும். பயிற்சி மையங்கள் பாடத்திட்டத்தில் அந்த ஒரு வாரத்தைச் சேர்க்க வேண்டும். உங்கள் கல்வி இணைப்பிலும் அடுத்த முறை மெயின்ஃபிரேம் பற்றி எழுதினால் ஒரு ஜாப் லாகையும் ஓர் ஆர்எம்எஃப் பக்கத்தையும் மாதிரிக்கு அச்சிட்டு, எந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்று விளக்குங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெயின்ஃபிரேம் ஊழியர்,
வேளச்சேரி, சென்னை.